கோளாறு கிட்டாரில்தான்!

"யாரு அந்த ஆளு? எனக்கு இப்பவே அந்த ஆளைப் பார்த்தாகணும்!"

மாடி வீட்டுக் கதவைத் திறந்த வேகத்தில் பழைய மரச்சாமான் கடைக்காரர் போட்ட சத்தத்தில், கிட்டார் கம்பெனியிலிருந்து வந்திருந்த டெக்னீஷியன் பெண் ஒரு படி பின்னால் போய்விட்டாள்.

"இந்த எலெக்ட்ரிக் கிட்டாரைச் சோதிச்சுப் பார்த்து, 'தரம் சரி'ன்னு ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பினாரே ஒரு மகராசன்! காதுல பஞ்சு வச்சிருந்தாரா? ஆன்லைன்ல வாங்கறவன்னா இளிச்சவாயன்னு நினைப்பா?"

அவள் கருவிப் பையைக் கீழே வைத்தாள். அந்த 'மகராசன்' அவள்தான்.

ஒரு வாரமாக இவர் போனில் கத்திய கத்தலில் முதலாளி ஆடிப்போயிருந்தார். "நீ பார்த்து அனுப்பினதுதானே? கோளாறு இருந்தா உன் சீட்டு கிழிஞ்சிடும். இல்லைன்னா அந்த ஆளு வாயை அடைச்சிட்டு வா" என்று அவளையே அனுப்பிவிட்டார்.

கட்டிலோரம் கிட்டார் சாய்ந்திருந்தது. பக்கத்தில் கடைக்காரரின் மகள். கல்லூரி வயது. தலையணையை மடியில் போட்டு அதற்குள் கையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"விடுங்கப்பா. கிட்டார்ல ஒண்ணும் இருக்காது. எனக்குத்தான்..."

"நீ சும்மா இரும்மா. உனக்கு என்ன வந்துச்சு? கம்பி இரையுதா இல்லையா? கட்டை சரியில்ல, அவ்வளவுதான்!"

டெக்னீஷியன் கிட்டாரை எடுத்துக் கண்ணோரம் பிடித்துப் பார்த்தாள். கம்பிகள் ஓடும் கழுத்துப் பகுதி நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. ஆம்ப்ளிஃபயரில் செருகி, ஒவ்வொரு கம்பியையும் கட்டம் கட்டமாக அழுத்தி மீட்டினாள். மணி மணியாக விழுந்தது ஒலி. நம்ம வேலையாச்சே என்று உள்ளுக்குள் ஒரு கர்வம்கூட வந்தது.

"சார், இது..."

"கேட்டுச்சா இரைச்சல்?"

"இல்லையே சார்."

"உங்களுக்கும் கேக்கலையா? கம்பெனியில எல்லாரும் சேர்ந்து ஒரே காது டாக்டர்கிட்டதான் போறீங்களா?"

அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆடாத நாற்காலியை ஆடுது ஆடுது என்று சொல்லியே அடிமாட்டு விலைக்கு வாங்கிப் பழகிய வாய். அதே வித்தையை இங்கேயும் காட்டுகிறார்.

"நேராவே கேக்கறேன் சார். விலையில ஏதாவது குறைக்கணுமா?"

"யாருக்கு வேணும் உங்க தள்ளுபடி? பெட்டியில போடுங்க. கீழ வரைக்கும் நானே தூக்கிட்டு வரேன். உங்ககிட்ட குடுத்தா அதையும் படியில உருட்டுவீங்க!"

படியிறங்கித் தெருவுக்கு வந்ததும் கடைக்காரர் தலையைத் தூக்கி மாடி ஜன்னலைப் பார்த்தார். அது மூடியிருந்தது. குரல் பொசுக்கென்று இறங்கிவிட்டது.

"கிட்டார்ல ஒரு குறையும் இல்லம்மா. எனக்கே தெரியும். மேடையில வாசிக்கிற ஒருத்தர்கிட்ட காட்டிட்டேன்."

"அப்புறம் ஏன் சார் இந்தக் குதி குதிச்சீங்க?"

"வண்டியிலேர்ந்து விழுந்ததுல என் பொண்ணுக்கு இடது கை விரல் மரத்துப்போச்சு. இப்பத்தான் கொஞ்சம் அசையுது. வாசிக்க வாசிக்கத்தான் பலம் வரும்னு டாக்டர் சொல்றார். இவ அழுத்தினா கம்பி சரியாப் படிய மாட்டேங்குது, இரையுது. முதல் நாளே 'என் கை அவ்வளவுதாம்பா, இதைத் திருப்பி அனுப்பிடுங்க'ன்னு ஒரே அழுகை. சட்டுன்னு சொல்லிட்டேன், 'கோளாறு உன் கையில இல்ல, அனுப்பினவன்கிட்ட'ன்னு. பாதி நம்பறா, பாதி நம்பலை. நான் கத்தறதை நிறுத்தினா அந்தப் பாதியும் போயிடும்மா. அப்புறம் கிட்டாரைத் தொடவே மாட்டா."

அவள் பார்வை மூடிய மாடி ஜன்னலுக்குப் போனது.

"இருக்கறதுலயே மெல்லிசான கம்பியா மாத்துங்க. தொட்டாலே படியற மாதிரி கம்பியோட உயரத்தைக் கீழ இறக்கிடுங்க. இது வேற கிட்டார்னு சொல்லிக் குடுங்க. செலவு என்னதோ அதைச் சொல்லுங்க, பேரமே பேச மாட்டேன். உங்க முதலாளிக்கும் நானே உண்மையைச் சொல்லிடறேன்."

"ரொம்ப இறக்கினா நிஜமாவே இரையும் சார். எது வரைக்கும் இறக்கலாம்னு எனக்குத் தெரியும், நான் பார்த்துக்கறேன்." ஒரு நொடி தயங்கினாள். "அந்த ஸ்டிக்கர் ஒட்டின ஆளு... நான்தான் சார்."

கடைக்காரர் முகம் செத்துப்போனது. "ஐயையோ, உங்களையாம்மா ஒரு வாரமா வறுத்தெடுத்தேன்?"

மேலே ஜன்னல் திறந்தது.

"அப்பா! அவங்க என்னப்பா சொல்றாங்க? நிஜமாவே கிட்டார்லதான் கோளாறா?"

கடைக்காரர் வாயைத் திறந்தார். ஜென்மத்தில் முதல் தடவையாக அந்த வாயிலிருந்து சத்தம் வரவில்லை.

டெக்னீஷியன்தான் அண்ணாந்து பார்த்துச் சொன்னாள். "ஆமாங்க! கழுத்து வளைஞ்சிருக்கு. சோதிச்சு அனுப்பினது நான்தான். கவனிக்காம விட்டுட்டேன், தப்பு என் மேலதான்!"

"பார்த்தீங்களாப்பா! அப்ப என் கை இல்ல!"

மகளுக்கு முதுகைக் காட்டி நின்ற கடைக்காரர், டெக்னீஷியனைப் பார்த்து நெஞ்சோடு சேர்த்து இரண்டு கையையும் கூப்பினார். கண் நிறைந்திருந்தது. தொண்டை மட்டும் பழையபடி தெருவே திரும்பிப் பார்க்கும்படி உயர்ந்தது.

"ஒத்துக்கிட்டா ஆச்சா? நாளைக்கு நீங்களே நேர்ல வந்து, என் பொண்ணுகிட்ட மன்னிப்பு கேட்டு, ஒழுங்கான கிட்டாரை அவ கையில குடுக்கணும். அதுவரைக்கும் நான் விடமாட்டேன், சொல்லிட்டேன்!"