பிய்ந்த தோசை

ஓட்டலுக்குப் போகாமல், இந்தச் சனிக்கிழமை சாயங்காலம் வீட்டிலேயே தோசை வார்த்துச் சாப்பிடலாம் என்று சுடலையும் அவன் மனைவி தேன்மொழியும் முடிவு செய்தார்கள். முதல் தோசை ஒட்டிக்கொண்டு பிய்ந்துபோனது. பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிடுவார்களோ என்று தோசைக்கல்லுக்குப் பகீரென்றது. பயத்தில் இரண்டாவதை வட்டமாக, முறுகலாகச் சுட்டுக் கொடுத்தது.

"பிய்ஞ்சது எனக்கு. நல்லதை நீ சாப்பிடு" என்றான் சுடலை.

"அதெல்லாம் முடியாது, பிய்ஞ்சது எனக்குத்தான்!" என்று தட்டைப் பிடுங்கினாள் தேன்மொழி.

கடைசியில் இருவரும் சிரித்துக்கொண்டே பிய்ந்ததைப் பங்குபோட்டுத் தின்றார்கள். முறுகல் தோசை ஆறிக் கிடந்தது.

"ஒண்ணும் புரியலையே அண்ணே!" என்றது கல், தோசைத்திருப்பியிடம்.

"எனக்கு மட்டும் புரியுதாக்கும்! எதுக்கு அடிச்சுக்கிறாங்களோ அதையே குடு."

மூன்றாவது தோசையைக் கல் இறுகப் பிடித்துக்கொண்டது.