பெயர்ப் பெட்டியைத் தொடாத அம்பு

கணினி மையத்தின் கட்டற்ற மென்பொருளில் கவின்மதியின் விடுதி விண்ணப்பம் திறந்தது. எழுத்து ஒன்றுகூட இல்லை. வரிவரியாக வெறும் கட்டங்கள்.

“ஐந்து மணிக்குள் நான் அச்சாகாவிட்டால் அந்தப் பெண்ணுக்கு இடம் போய்விடும்,” என்று விண்ணப்பம் தவித்தது. “எனக்கு உருவம் தந்த அலங்காரி எழுத்துரு, வீட்டுக் கணினியிலேயே தங்கிவிட்டாள்.”

அப்போதுதான் இணையத்திலிருந்து இறங்கிய எளியன் என்ற இலவச எழுத்துரு, மென்பொருளை மூடித் திறக்கும்வரை பொறுமையாகக் காத்திருந்து உள்ளே வந்தது.

“இவரா? ஒரு சுழியாவது அழகாக இருக்கிறதா பாருங்கள்!” என்று சிரித்தது திரையில் திரிந்துகொண்டிருந்த சுட்டி அம்பு.

“படிக்கத் தெளிவாக இருப்பேன், அக்கா,” என்றபடி எளியன் ஒவ்வொரு கட்டத்திலும் போய் நின்றது. கட்டங்கள் எல்லாம் சொற்களாயின.

அம்பு மேலே பார்த்தது. எழுத்துருவின் பெயர் காட்டும் பெட்டியில் இன்னும் ‘அலங்காரி’ என்றே இருந்தது.

“வேலை உன்னுடையது, பெயர் அவளுடையதா? மாற்றித் தரட்டுமா, தம்பி?”

“வேண்டாம் அக்கா. இந்தக் கோப்பு வீட்டுக்குத் திரும்பும்போது, அந்தப் பெயரைப் பார்த்துத்தான் அவள் தன் இடத்துக்கு வருவாள்.”

ஐந்தாக எட்டு நிமிடம் இருந்தது. அம்பு அந்தப் பெட்டியைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போய், அச்சிடும் பொத்தானை அழுத்தியது.