சட்டைக் கை பட்ட பந்து

கறுப்புப் பந்து மேசையைச் சுற்றிவந்து மூலைக் குழியில் விழுந்ததும் கூட்டம் ஓவென்று கத்தியது. ஆம்பூர் தோல் கம்பெனியின் ஆண்டு விழா பூல் போட்டியில் கிருஷ்ணராஜ் ஜெயித்துவிட்டான்.

"ஃபவுல்!" என்று அவனே அலறினான். "என் சட்டைக் கை பந்துமேல பட்டுச்சு. நான் தோத்துட்டேன்."

எதிராளி செல்வகுமார் பதறிப்போனான். "இன்னாண்ணே சொல்றீங்க? கிட்டத்துலதான நின்னேன், படவே இல்ல."

"பட்டுச்சுடா!"

"சத்தியமா படலண்ணே!"

இந்தக் காலத்தில் இப்படி இரண்டு உத்தமர்களா என்று மேனேஜர் சங்கீதாவுக்குக் கண் கலங்கியது. கைதட்டல் ஓயவில்லை.

கிருஷ்ணராஜ் நடுவர் தனகோடியிடம் ஓடினான். "அண்ணே, நீங்க பாத்தீங்கல்ல? ஃபவுல் குடுங்கண்ணே. நான் புள்ளகுட்டிக்காரன்."

தனகோடி அவன் காதருகே குனிந்தார். அவர்மேல் பச்சைத் தோல் ஊறும் சுண்ணாம்புத் தொட்டியின் நாற்றம் அடித்தது.

"பாத்தேன்டா, பட்டுச்சு. ஆனா எவனாவது ஒருத்தன் ஜெயிச்சுத்தான ஆவணும்?" என்றவர் நிமிர்ந்து சத்தமாகச் சொன்னார்: "ஃபவுல் இல்ல!"

செல்வகுமார் நிம்மதிப் பெருமூச்சு விட்டான். மைக் முழங்கியது: "வழக்கம்போல சாம்பியன் இப்ப நம்ம மொதலாளியோட ஆடுவாரு!"

முதலாளி சிரித்தபடியே கோட்டைக் கழற்றினார். "நெசமா ஆடணும் கிருஷ்ணராஜ். விட்டுக் குடுத்த ஒருத்தனை வீட்டுக்கே அனுப்பிட்டேன், தெரியுமில்ல?"

தெரியும். போன வருஷம் இதே மேசையில் முதலாளியை ஜெயிக்கும்வரை தனகோடி டிசைன் செக்‌ஷனில், ஏசி அறையில் உட்கார்ந்திருந்ததும் தெரியும்.