கையை இறக்கிய அம்மா

ஜூன் 14, 2061. இன்று மாலை வகுப்பில் ஒரு கேள்வி அதிகமாகக் கேட்டுவிட்டேன்.

பிள்ளைகள் எழுதும் ஆட்களை வகுப்பறைச் சுவர் உயிரோடு காட்டும். செண்பகா, இறந்துபோன தன் அம்மாவை எழுதினாள்: “அம்மா வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிப்பார்.” சுவரில் அம்மா அப்படியே சிரித்தார். செண்பகாவும் சிரித்தாள்.

“ஏன் பொத்திக்குவாங்க? இன்னும் விவரமா எழுதும்மா” என்றேன்.

“அப்பா அடித்ததில் முன்பல் உடைந்துவிட்டது” என்று சேர்த்தாள். சுவரில் அம்மாவின் கை இறங்கியது.

“ஏய், ஓட்டப்பல்லு!” என்றான் கபிலன். வகுப்பே சிரித்தது.

செண்பகா ஓடிப்போய், எக்கி, அம்மாவின் வாயைத் தன் கையால் பொத்தினாள். “மிஸ், அணைச்சிடுங்க மிஸ். அம்மா இத யாருக்கும் காட்டினதே இல்ல.”

அணைத்தேன். விவரம் கூடினால் கட்டுரை நன்றாகும் என்றுதான் நினைத்தேன்.

நாளை: மழையை வருணித்தல். ஆட்கள் வேண்டாம்.