சிறப்புரை

செருப்புச் சத்தம் கேட்டதும் அவள் ஹெட்போனைத் தொட்டுப் பார்த்தாள்.

இணைப்பில் யாரும் இல்லை.

சர்ர்க். சர்ர்க்.

காலைத் தூக்கி வைக்கச் சோம்பல்பட்டு, தரையோடு தேய்த்துக்கொண்டே வரும் நடை. கொஞ்ச நாளாக அவளுக்கு அது பழக்கம். குழந்தைகள் உதவி எண்ணுக்கு ஓர் அழைப்பு வரும். பேச்சு இருக்காது. சின்ன மூச்சு மட்டும். சாப்பிட்டாயா, அங்கே மழையா என்று இவள்தான் ஏதேதோ கேட்டுக்கொண்டிருப்பாள். தூரத்தில் அந்தச் சர்ர்க் சர்ர்க். உடனே போன் வைக்கப்பட்டுவிடும்.

இன்று சத்தம் காதுக்குள் இல்லை. அறைக்குள் இருந்தது.

திரும்பினாள்.

சிறப்பு விருந்தினர் அவள் மேசையைக் கடந்து மேடைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

உதவி மையத்துக்கு இன்று ஆண்டு விழா. அவர் ஏதோ பள்ளிக்குத் தாளாளர். வாசல் பேனரில் 'மழலைகளின் அரண்' என்று அவருக்கொரு பட்டம், மையத்தின் பெயரைவிடப் பெரிதாக. தோளருகே ஒரு புறா வேறு.

ஊரில் எத்தனையோ பேர் இப்படித்தான் நடப்பார்கள் என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். கை ரோமங்கள் அதை ஒப்புக்கொள்ளவில்லை. எழுந்து நின்றன.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் கூட்டம். பொன்னாடைகளுக்குள்ளிருந்து ஒரு கை வெளியே வந்து மைக்கைப் பிடித்தது. இரண்டே வார்த்தை பேசி அமர்கிறேன் என்றார். மூன்றாம் முறை அப்படிச் சொன்னபோது, சமையல்காரர் பிரியாணி அண்டாவை மறுபடி மூடினார்.

போன் அடித்தது.

அதே மூச்சு.

பின்னால் செருப்பு இல்லை.

"அக்கா... அங்க மைக்ல பேசறது எங்க பெரியப்பா. அவர் வீட்டுக்கு வர்ற வரைக்கும் நான் பேசலாமா?"

அவள் பேனாவை எடுத்தாள்.

"பேசும்மா. வீடு எங்கன்னு மட்டும் முதல்ல சொல்லு."

சொல்லச் சொல்ல உள்ளங்கையில் எழுதினாள். பக்கத்து மேசை நூர்ஜஹானுக்குக் கையை விரித்துக் காட்டினாள். நூர்ஜஹான் மையத்து வண்டியின் சாவியை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக ஓடினாள்.

மேடையில் தொகுப்பாளர் ஒரு துண்டுச்சீட்டை நீட்டினார். எந்த ஊர் மேடையானாலும் அதில் எழுதியிருப்பது ஒன்றுதான்.

படித்தார். முகம் சுருங்கியது.

"ஆகவே, நிறைவாக..." என்றார்.

அவள் எழுந்தாள். ஒயர் எட்டும் வரை போய்க் கண்ணாடிக் கதவைத் தள்ளினாள்.

கை தட்டினாள்.

எதற்கென்று யாரும் கேட்கவில்லை. ஒருவர் ஆரம்பித்தால் தட்டிப் பழகிய கைகள். கூடமே அதிர்ந்தது. அவர் நெஞ்சில் கைவைத்துக் குனிந்தார். துண்டுச்சீட்டை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

காதுக்குள் மூச்சு நின்றது.

"கை தட்றாங்களே. முடிச்சிட்டாராக்கா?"

"இல்லடா கண்ணு. இப்பதான் ஆரம்பிக்கிறார்."