பிழையில்லாத ஒரு வாக்கியம்

“ஹேவிங் இல்லம்மா. ஹேவ்.”

மகள் பென்சிலால் நோட்டைத் தட்டினாள்.

அம்மா மறுபடி சொன்னாள். ஐ ஹேவ் அ பாஸ்போர்ட். ஐ ஹேவ் குட் ஹெல்த்.

இரண்டும் சரியாக வந்தன. மூன்றாவது வரியில் நாக்கு புரளவில்லை.

அந்த வரி ஏஜென்ட் சொல்லிக் கொடுத்தது. இங்கிலீஷில் எழுதித் தந்தது மகள். சுடர்விழி, நான்காம் வகுப்பு. எழுத்து குண்டு குண்டாக, கோட்டை விட்டு இறங்காமல் இருந்தது.

ஐ ஹேவ் நோ சில்ட்ரன்.

எனக்குக் குழந்தைகள் இல்லை.

பெற்ற பிள்ளையிடமே இதை எழுதித் தரச் சொல்வாளா ஒருத்தி? சொன்னாளே. சொல்லிவிட்டு, அடுப்பில் ஏதோ இருப்பதுபோல் எழுந்து போனாளே, பாவி.

வேறென்ன செய்வாள்?

போன மாதம் குழந்தை பார்க்கும் வேலைக்கு ஆள் தேடி துபாயிலிருந்து இரண்டு வீட்டுக்காரர்கள் பேசினார்கள். இரண்டு பேரிடமும் உண்மையைச் சொன்னாள். ஒன்பது வயதில் ஒரு மகள் இருக்கிறாள் என்று. ஒருத்தர் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். இன்னொருத்தர் அதைக்கூடச் சொல்லவில்லை.

“புள்ள இருக்குன்னா ஆறு மாசத்துல ஊருக்கு ஓடிருவாங்கன்னு நெனைப்பாங்க தங்கச்சி” என்றார் ஏஜென்ட். “எல்லாரும் இல்லைன்னுதான் சொல்லிட்டுப் போறாங்க. நீ மட்டும் என்ன அரிச்சந்திரன் பேத்தியா? இதையும் விட்டா என்கிட்ட வேற எடம் இல்ல, பாத்துக்க.”

கணவன் இறந்து மூன்று வருஷம். அண்ணன் வீட்டில் ஓர் அறையில் இருந்தார்கள். ஆடி பிறப்பதற்குள் வேறு வழி பார்த்துக்கொள்ளும்படி அண்ணி சொல்லிவிட்டாள். வேலை கிடைத்தால் சுடர்விழியைக் கன்னியாஸ்திரிகள் நடத்தும் விடுதியில் சேர்க்கலாம். கிடைக்காவிட்டால் இரண்டு பேருக்கும் தெருதான்.

“ஐ ஆம் ஹேவிங் நோ…”

“அய்யோ, அம்மா!” சுடர்விழிக்குக் கோபமே வந்துவிட்டது. “பாஸ்போர்ட்டுக்கு மட்டும் கரெக்டா சொல்ற. இதுக்கு மட்டும் ஏன் தப்புத் தப்பா வருது?”



ஐந்து மணிக்கு அழைப்பு வந்தது.

போனை அரிசி டப்பாவில் சாய்த்து வைத்திருந்தாள். சுடர்விழி அதற்குப் பின்னால், சுவரோரம் போய் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் மறுபடி எழுந்தாள். அம்மாவின் முதுகுக்குப் பின்னால் கொடியில் கிடந்த தன் பாவாடைகளை உருவினாள். ஆணியில் மாட்டியிருந்த பள்ளிக்கூடப் பையையும் எடுத்தாள். எல்லாவற்றையும் மடியில் வைத்துக்கொண்டு, “வீடியோல தெரியும்” என்று வாயை மட்டும் அசைத்தாள்.

அவள் அதைச் செய்யச் சொல்லியிருக்கவில்லை.

திரையில் சின்ன வயதுப் பெண்ணொருத்தி. இடுப்பில் கைக்குழந்தை சிணுங்கிக்கொண்டிருந்தது. பெயர் கேட்டாள். வயது கேட்டாள். பாஸ்போர்ட் உண்டா என்றாள். பிறகு அந்தக் கேள்வி.

“ஐ ஹேவ் நோ சில்ட்ரன்.”

வந்துவிட்டது. ஒரு பிழை இல்லை. ஒரு தயக்கம் இல்லை. கொஞ்சம் தடுமாறியிருக்கலாமே.

சுவரோரம் சுடர்விழி கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள்.

திரையில் இருந்தவளின் முகம் மட்டும் தெளியவில்லை. குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு நிறுத்தி நிறுத்திக் கேட்டாள். குழந்தையே இல்லாதவளுக்குக் குழந்தை வளர்க்க எப்படித் தெரியும்?

இதை ஏஜென்ட் சொல்லித் தரவில்லை. நோட்டில் இதற்கு வரி இல்லை. போச்சு, இதுவும் போச்சு.

சுடர்விழி குனிந்து வேகமாக எழுதினாள். பெரிய பெரிய எழுத்தில். நோட்டைத் தூக்கிப் பிடித்தாள்.

அவள் எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

“ஐ ஹேவ் அ சிஸ்டர். ஐ டுக் கேர் ஆஃப் ஹெர் டாட்டர்.”

அவளுக்கு அக்காவும் கிடையாது, தங்கையும் கிடையாது. அண்ணன் ஒருவன்தான்.

திரையில் இருந்தவள் முதல்முறையாகச் சிரித்தாள். அக்காவின் குழந்தையையே வளர்த்தவள் என்றால் சரி என்றாள். நாளைக்கு இதே நேரம் என் கணவர் பேசுவார், அடுத்த மாதம் வந்துவிடலாம் என்றாள்.

போனை அணைத்தாள். சுடர்விழி ஓடி வந்து கட்டிக்கொள்வாள் என்று நினைத்தாள். தானும் அழுது தீர்த்துவிடலாம் என்றிருந்தது.

சுடர்விழி வரவில்லை. பாவாடைகளை ஒவ்வொன்றாக மடித்துத் தன் பையில் வைத்தாள். கை கழுவினாள். தட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

“சித்தி, பசிக்குது. சோறு போடுங்க.”

அவள் திரும்பிப் பார்த்தாள். பிள்ளை சிரிக்கவில்லை. போடுங்க என்று இதுவரை அவளிடம் சொன்னதும் இல்லை.

“நாளைக்கு அவர் பேசுறப்போ நான் தெரியாம அம்மான்னு கூப்ட்டுட்டா? அதான், இப்பவே பழகிக்கிறேன்.”

அவள் சோறு போட்டாள். குழம்பு ஊற்றினாள்.

அப்படிக் கூப்பிடாதே என்று சொல்லவில்லை.