சூடை மீனும் நல்லெண்ணெயும்

பிரசாந்தன் கள்ளனைப் போலத்தான் அந்தச் சாக்கைச் சைக்கிள் கரியரில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தான். உள்ளே இரும்பு இடிபட்டுச் சத்தம் போட்டது. கையால் அமத்திப் பிடித்துக்கொண்டு திரும்பினான்; குசினி வாசலில் மனைவி சுதாஜினி நின்றாள்.

“என்ன அது?”

“ஒண்டுமில்லை, சுதா. வாடிக்குக் கொண்டுபோற சாமான்.”

“திரும்ப ஈயம் உருக்கப் போறீங்கள். அதுதானே?”

அவன் கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றினான்.

பழைய பற்றரிகளை உடைத்து, பூநகரிக் கரையில் இருந்த தன் மீன்பிடிக் கொட்டிலான வாடியில் ஈயம் உருக்கி, வலைக்குக் குண்டு வார்த்துக்கொண்டிருந்தவன் அவன். மகள் வினோஜா பக்கத்தில் குந்தியிருந்து நெருப்புக்கு விசிறுவாள். ஏழு வயதுப் பிள்ளை, நன்றாக எழுதத் தெரிந்த தன் பெயரிலேயே எழுத்துகளை விடத் தொடங்கியபோதுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். அவளின் இரத்தத்தில் ஈயம் ஏறியிருந்தது.

“மூளையில கூடுதலா இருக்கிறது கொழுப்புத்தான். நல்ல கொழுப்பாக் குடுங்கோ,” என்றார் டொக்டர். “சூடை மீன், முட்டை மஞ்சள் கரு, நல்லெண்ணெய். ஆனா ஈயம் உள்ளுக்குப் போறது முதல்ல நிக்கோணும். இல்லாட்டிச் சாப்பாடு ஒண்டும் செய்யாது.”

அன்றைக்கே பிரசாந்தன் வாடியைத் துப்புரவாக்கினான். சாப்பாட்டைச் சுதாஜினி தன் தலையில் போட்டுக்கொண்டாள்.

அகதி முகாமில் தகரப் பேணியில் கஞ்சி காய்ச்சி வளர்ந்தவள் அவள். நல்ல சாமான் ஒன்று சும்மா கிடந்தால் பொறுக்காது. வளவுக்குள் கிடந்த கனத்த இரும்புத் தாச்சிச் சட்டி ஒன்றை, விளிம்பு நெளிந்திருந்தால் என்ன என்று, சாம்பல் போட்டுத் தேய்த்து எடுத்துப் பிள்ளைக்கென்றே ஒதுக்கி வைத்தாள். வினோஜாவுக்குச் சூடை மீன் பொரிப்பதும் புளி விட்டுக் குழம்பு வைப்பதும் அதில்தான். இரவு முழுக்கத் தொழிலுக்குப் போய்வந்த பிரசாந்தன் அந்த நேரத்தில் அசந்து தூங்குவான். அவனுக்கும் தனக்கும் பருப்பும் சோறும் போதும் என்று வேறு சட்டியில் சமைத்துவிடுவாள்.

நேற்று திரும்பவும் இரத்தம் சோதித்தார்கள். ஈயம் குறையவில்லை, கூடியிருந்தது.

“எங்கையோ இருந்து இன்னும் உள்ளுக்குப் போகுது. வீடு வளவெல்லாம் வடிவாத் தேடிப் பாருங்கோ,” என்றார் டொக்டர்.

சுதாஜினி எதையும் தேடவில்லை. வரும் வழியெல்லாம் புருஷனின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு வந்தாள்.

இப்போது பாய்ந்து வந்து சாக்கின் வாயை இழுத்தாள். உள்ளே கிடந்தது தாச்சி.

“ஐயோ கடவுளே! பிள்ளைக்குப் பொரிக்கிற தாச்சியையோ எடுத்தனீங்கள்? இதிலையோ உருக்குறனீங்கள்?”

“சுதா, கத்தாத. பிள்ளை உள்ளுக்கு இருக்கிறாள்.”

“பிள்ளையோ? நீங்களும் ஒரு தகப்பனோ?” அவளின் குரல் உடைந்தது. “மூண்டு மாசமா ஆரையும் அவளுக்கு ஒரு வாய் ஊட்ட விடேல்லை. எல்லாம் என்ர கையாலதான். அந்தச் சாப்பாடுதான் அவளைக் காப்பாத்தும் எண்டு இருந்தன். அதையும் நஞ்சாக்கிப்போட்டீங்களே!”

உள்ளேயிருந்து வினோஜாவின் குரல் கேட்டது. “அம்மா, மீன் பொரிக்கேல்லையோ?”

சுதாஜினி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“நான் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஜெயபுரத்துக்கு அண்ணையிட்டப் போறன். போக முதல் ஒண்டை மட்டும் சொல்லுங்கோ. டொக்டர் மறிச்சாப் பிறகும் நீங்கள் ஈயம் உருக்கினனீங்களோ, இல்லையோ?”

அவன் உருக்கவில்லை. டொக்டர் சொன்ன நாளுக்குப் பிறகு ஒரு துண்டு ஈயத்தைக்கூட அவன் கையால் தொடவில்லை.

வாடியைத் துப்புரவாக்கிய அன்று, ஈயம் உருக்கிய தாச்சியை மட்டும் பிறகு பார்ப்போம் என்று வீட்டுக்குக் கொண்டுவந்து கோழிக்கூட்டுக்குப் பின்னால் எறிந்திருந்தான். இன்று காலை அந்த நினைவு வந்து போய்ப் பார்த்தபோது தாச்சி அங்கே இல்லை. வளவெல்லாம் தேடிக் கடைசியில் குசினிக்குள் நுழைந்தான். அடுப்பில் இருந்தது. பளபளவென்று இருந்த விளிம்பில், முன்பு அவன் சுத்தியல் பட்டு நெளிந்த இடம் அப்படியே தெரிந்தது. ஒருவருக்கும் தெரியாமல் கடலில் எறிந்துவிட அதைத் தூக்கிச் சாக்குக்குள் போட்டான்.

உண்மையைச் சொன்னால் பழி இந்த நிமிடமே அவனை விட்டுப் போய்விடும். மனைவியும் பிள்ளையும் வீட்டிலேயே இருப்பார்கள். ஆனால் ஊட்டிய கையை இவள் இனி எங்கே கொண்டுபோய் வைப்பாள்?

அவன் அவளின் வலது கையைப் பார்த்தான். மீனுக்குத் தூள் பிரட்டிய மஞ்சள் இன்னும் விரல்களில் இருந்தது.

“வாயைத் திறந்து சொல்லுங்கோ!”

பிரசாந்தன் சாக்கின் வாயை இறுக்கிக் கட்டினான்.

“ஓம் சுதா, களவா உருக்கினனான்.”